இரண்டாவது லிஃப்ட்

ஹென்னூரில் எங்கள் பள்ளி.
மேம்பாலத்து ஹார்ன் ஓயும் இடைவெளிகளில்
பாடம் நடத்துவேன்.
ஒன்பதாம் வகுப்பு, பி பிரிவு,
சாப்பாட்டுக்குப் பிந்தைய முதல் பீரியட்.
புளியோதரை வாசம் இன்னும் வெளியேறவில்லை.

பலகையில் எழுதினேன்:
அடுக்குமாடியில் வீட்டு வேலை செய்பவர்களுக்குத்
தனி லிஃப்ட் வேண்டுமா, வேண்டாமா?

வேண்டும் என்றவர்கள் ஜன்னல் பக்கம்.
வேண்டாம் என்றவர்கள் கதவுப் பக்கம்.
பெஞ்சுகள் கிறீச்சிட்டு நகர்ந்தன.
எல்லோரும் வாகாக உட்கார்ந்த பிறகு சொன்னேன்:
இப்போது இடம் மாறுங்கள்.
நம்பாததைப் பேசுங்கள்.

ஜெபசீலி எழுந்தாள்.
அவள் அம்மா நாகவாராவில் ஐந்து வீடு பார்க்கிறார்.
இப்போது அவள் குடியிருப்போர் சங்கச் செயலாளர்.
தொண்டையைச் செருமினாள். குரல் மாறியது.

"பாருங்க, எங்களுக்கு எந்தப் பாகுபாடும் கிடையாது.
வீட்டில் ஒருத்தியாத்தான் வெச்சிருக்கோம்.
தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கிறோம்.
இது சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயம்.
போன மாசம் அறுநூத்தி நாலுல
ஒரு கொலுசு காணாமப் போச்சு.
யாரையும் நாங்க சொல்லலை.
அப்புறம் கிடைச்சிடுச்சு, அது வேற."

அந்த 'அது வேற'க்கு
வகுப்பே சிரித்தது.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒருவர்
இதே சொல்லை, இதே இடத்தில் மூச்சு விட்டுச்
சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அடுத்து நிகேதன்.
பன்னிரண்டாம் மாடிப் பையன், நல்லவன்,
பேச்சுப் போட்டிக் கோப்பைகள் நான்கு.
"நான் ஒரு வேலைக்காரி" என்று தொடங்கினான்.
"நான் ரொம்பப் பாவம்."
அடுத்த வரி வரவில்லை.
"ரொம்பக் கஷ்டப்படறேன்" என்றான்.
மின்விசிறி ஒரு தடவை சுற்றி, இன்னொரு தடவை சுற்றியது.

அவளுக்கு மனப்பாடமாக இருந்தது
அவனுக்குக் கேள்வித்தாளில்கூட வந்ததில்லை.
நான் சமமாகத்தான் பிரித்திருந்தேன்,
பக்கத்துக்குப் பத்தொன்பது பேர்.

பிறகு அவன்
என்னைப் பார்க்காமல் எதிர்ப் பெஞ்சைப் பார்த்துக் கேட்டான்:
"உங்க அம்மா எத்தனை மணிக்கு எழுந்திருப்பாங்க?"
செயலாளர் கொஞ்சம் யோசித்தார்,
பதில் சொல்வது விதிக்குள் வருமா என்று.
"நாலரை. தண்ணி அப்பதான் விடுவாங்க."
"அந்த லிஃப்ட் ரிப்பேர்னா?"
"படி."
"பன்னிரண்டு மாடியுமா?"
"குப்பையோட இறங்கவும் படிதான்."
"எங்க நாய்க்கு எந்த லிஃப்ட்?"
"முதல் லிஃப்ட்."

அவன் உட்காரவில்லை.
குறிப்புத் தாளை மடித்தான்,
மேலும் மடித்தான்,
தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்தான்.

மணி அடித்தது.
மதிப்பெண் பட்டியலில் ஒரு கட்டம் உண்டு:
மாற்றுக் கோணத்தில் சிந்திக்கும் திறன், ஐந்துக்கு.
ஜெபசீலிக்கு ஐந்து போட்டேன்.
போட்ட பிறகு கை கூசியது.
அம்மா இரவில் பேசிக் காட்டியதை,
சோற்றோடு கேட்டு வளர்ந்ததை,
எந்தக் கட்டத்தில் போடுவது?
நிகேதன் கட்டம் காலியாகவே இருக்கிறது.
தலைமையாசிரியர் கேட்பார்.

பெஞ்சுகளைத் திரும்ப இழுக்கும்போது
"மிஸ், நீங்க எந்தப் பக்கம்?" என்றாள்.
நான் போர்டு பக்கம் நின்றிருந்தேன் என்றேன்.
"அது தெரியுது மிஸ்" என்றாள்
டஸ்டரை எடுத்துக்கொண்டே.

சாயங்காலம்.
என் கட்டடத்தில் இரண்டு லிஃப்ட்.
ஒன்றில் கண்ணாடி, இன்னொன்றில் பிளைவுட்.
மார்ச் மாதக் கூட்டத்தில் கை தூக்கியவர்கள் பதினாலு பேர்.
மறுத்தவர்கள் மூன்று.
என் கை அப்போது பையில்
சாவியைத் தேடிக்கொண்டிருந்தது.
தீர்மானப் புத்தகத்தில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது:
ஆட்சேபணை இல்லை.

இன்று இரண்டு பொத்தான்களையும் அழுத்தினேன்.
பிளைவுட்தான் முதலில் வந்தது.
ஒரு கால் உள்ளே வைத்தேன்.
பக்கெட்டோடு நின்ற பெண்
சுவரோடு ஒட்டி இடம் விட்டு,
மரியாதையாகத்தான் சொன்னார்:
"அக்கா, உங்களோடது பக்கத்துல."